சுவரில் ஈரம்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் முகத்துக்கு நேரே சொல்ல வராது. வாசலில் நின்றுகொண்டே, வந்துவிட்டேன் என்று போன் செய்கிறார்கள். கதவைத் தட்டினால் கை தேய்ந்துவிடும். பல் டாக்டர் ‘லேசா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்’ என்பான். தாடையே பெயர்ந்து கையில் வரும். பிரேக் பிடிக்காத லாரியை ‘சும்மா ஓட்டுங்கண்ணே’ என்று நீட்டிய மெக்கானிக்கைப் பார்த்த நாளிலிருந்தே பெரியவர் எவன் பேச்சையும் நம்புவதில்லை. விதிவிலக்கு ஒருத்திதான். மகள்.

மகளுக்கு ஈ ஆராய்ச்சி. அழுகின பழத்தை மொய்க்குமே, கடுகளவு ஈ, அதற்கு எப்படி வயதாகிறது, வயதானால் எப்படி நடக்கிறது, அந்த நடையை நாம் மாற்ற முடியுமா என்று பார்க்கிற வேலை.

“நான் ஈ ஓட்டினா வெட்டிப்பய. நீ ஓட்டினா விஞ்ஞானியா?” என்று கிண்டலடிப்பாரே தவிர, உள்ளுக்குள் பெருமை தாங்காது.

மனைவி போனபிறகு கூடத்தில் மாட்டியிருந்த அவள் படத்துக்கு எதிரே உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். சாப்பாட்டுக்குக்கூட நாலு தரம் கூப்பிட வேண்டும். போன மழையில் மகள் படத்தைக் கழற்றி மாடிக்குக் கொண்டுபோனாள்.

“கீழ சுவரெல்லாம் ஈரம்ப்பா. அம்மா படம் பூத்துப் போயிடும்.”

அதிலிருந்து காலையும் மாலையும் படியேறிப் போய்ப் படத்தைத் துடைத்து, தெருக்கதை நாலு சொல்லிவிட்டு இறங்குவார். மாடியில் ஒரு நாற்காலி இல்லை. கேட்டால் இடமில்லை என்றாள். படிக்கட்டுக்கு மேலே ஒரு கேமராவும் வந்தது. திருடனுக்கு என்றாள். அதையும் நம்பினார். ‘அம்மா படத்துல ஈரம் படக்கூடாதுன்னு தவிக்கிறா. யாருக்கு வாய்க்கும் இப்படி ஒரு பொண்ணு?’ என்று முடிவெட்டுகிறவரிடம் சொல்லிச் சொல்லி அந்த ஆளே கத்தரியை நிறுத்திவிட்டுக் கொட்டாவி விட்டான்.

இன்றைக்கு மகள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுப் போய்விட்டாள். எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அறையெல்லாம் புளித்த வாடை. மகள் ஏதோ கூட்டத்தில் இருந்தாள். அவளிடம் படிக்கிற பெண் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள், வாயாடி. ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்து மேஜையில் தட்டினாள். ஈயெல்லாம் பொத்தென்று அடியில் விழுந்தன.

“பாருங்க தாத்தா, இளசெல்லாம் சட்டுன்னு ஏறிடும். கிழடு...” நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அடியிலயே கிடக்கும். சொல்லும்மா, நானும் கிழடுதானே.”

“மேல வெளிச்சம் வச்சா அதுவும் ஏறும். தினம் ஏற வச்சா நடையே தேறிடுது தாத்தா. உங்களயே பாருங்களேன்! முதல்ல பாதிப் படியில மூச்சு வாங்கினீங்க. இப்ப எப்படி ஏறுறீங்க! நடுவுல நின்னு கையை ஆட்டி ஆட்டி நீங்களா பேசிக்குவீங்களே, அது எங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிக்கும்.”

பெரியவர் குழாயைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“எங்க பாத்தே?”

அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துப்போயிற்று. “மேடம்... வீடியோ...”

நடுப்படியில் நின்று அவர் பேசியது தனக்குள் இல்லை. மேலே போய் மனைவியிடம் சொல்லப்போகிற கதையை ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொள்வார். புருஷன் பெண்டாட்டி பேச்சு. அதை இந்தப் பிள்ளைகளெல்லாம் கூடி உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

மகள் உள்ளே வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள். புரிந்துவிட்டது.

“அப்பா...”

“வெளிச்சத்துக்குப் பதிலா உங்கம்மாவ மேல வச்சியா?”

“கல்லு மாதிரி உக்காந்தே இருந்தீங்கப்பா. கால் மரத்துப்போயிடும்னு பயமா இருந்துச்சு. நடங்கன்னு எத்தன தரம் சொன்னேன்? கேட்டீங்களா?”

“கேக்கல. அதுக்கு? ஏமாத்தித்தான் நடக்க வைக்கணுமா?”

“கேமரா இருக்கிறது தெரிஞ்சா நடை மாறிடும்ப்பா. அதான் சொல்லல.”

“அந்த ஈக்கிட்டயும் நீ சொல்லல. எனக்கும் அதுக்கும் உனக்கு வித்தியாசம் தெரியல.”

“இப்ப உங்க கால் நல்லா இருக்கில்ல?”

அவர் கண்ணாடியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன், நேரா சொல்லு. சுவத்துல ஈரம் இருந்துச்சா, இல்லையா?”

மகள் கண்ணாடியைக் கையில் எடுத்தாள். துடைத்தாள். போட்டுக்கொள்ளவில்லை.

“கொஞ்சம் இருந்துச்சுப்பா.”

பெரியவர் எழுந்து வெளியே வந்தார். லிப்டுக்குள் ஒரு கேமரா முறைத்தது. திரும்பிப் படிக்கட்டுக்கு வந்தார். கால்கள் மடமடவென்று இறங்கின. அதிலும் அவருக்கு எரிச்சல்தான். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை, அவளைக் கீழே கொண்டுவந்து பழைய ஆணியிலேயே மாட்டுவது. பின்னால் மகள் கூப்பிடுவது கேட்டது. அவர் நிற்கவில்லை.

“கொஞ்சமாம், கொஞ்சம்!” என்று முனகிக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தார்.