ஜலதோஷ ரெக்கார்டும் மற்ற மூன்றும்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு பல்லி. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஏதாவது கனவு, பழைய புகைப்படம் என்று ஆரம்பித்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சிட்லபாக்கத்தில் நான் குடியிருக்கும் கீழ்ப்போர்ஷனின் கூரைக்கு மேலே திடீரென்று டம், டம், டம் என்று இடி விழுந்தது. ட்யூப்லைட்டுக்குப் பின்னால் இருந்த பல்லி என் லேப்டாப் மேல் விழுந்தது. அப்போது நான் வேறொரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். (அது இன்னும் பல்லி விழுந்த வாக்கியத்தோடு நிற்கிறது.) சண்டை போடுவதற்காகவே மாடி ஏறினேன்.

வீட்டுக்கார அம்மா ஹில்டா கதவைத் திறந்தார். சேலையூரில் ஒரு பள்ளியில் பூகோள டீச்சர். வகுப்பு கவனிக்காத பெண்ணைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"சத்தம்தானே? நானும் அவர்கிட்ட சொல்லிட்டுதான் இருக்கேன். சொன்னா கேக்காது."

"ஏன்க்கா?"

"கேக்காதுன்னா நிஜமாவே கேக்காதும்மா. காது போயிட்டிருக்கு."

உள்ளே ஹில்டாவின் கணவர் சுந்தர்சிங், ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

நான் சண்டை போடவில்லை. டீ குடித்துவிட்டு வந்தேன்.

2

இதற்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

சிட்லபாக்கம் ஏரியின் மேல் மாலை மேகங்கள் இறங்கிக்கொண்டிருந்த—

(ஹில்டா அக்கா படித்துவிட்டு, "எங்க ஜன்னல்ல ஏரி எங்க தெரியுது? எதிர் ஃபிளாட்டோட தண்ணி டேங்க்தான் தெரியும்" என்றார். அடித்துவிட்டேன்.)

இசை என்பது—

(இப்படி ஆரம்பித்த எந்த வாக்கியத்தையும் நான் ஒழுங்காக முடித்ததில்லை.)

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். சுந்தர்சிங் சாருக்கு அறுபத்தொரு வயது. மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வயதில் தாம்பரத்தில் ஒரு சோவியத் புத்தகக் கண்காட்சிக்குப் போனவர், அங்கே ஒரு இசைத்தட்டு வாங்கினார். அப்போது வீட்டில் அதைப் போடுவதற்கு ரெக்கார்டு பிளேயர் கிடையாது. அட்டையில் ஒரு பெண் ஒற்றைக் காலில் நின்றாள், அவ்வளவுதான் காரணம். "கல்யாணத்துக்கு முன்னாடி நடந்தது, அதனால விட்டுட்டேன்" என்பார் ஹில்டா.

அது ஒரு ரஷ்ய பாலேக்கான இசை. ஆனால் முழு பாலே இல்லை. இசையமைப்பாளரே அதிலிருந்து சில துண்டுகளை எடுத்து, நடனம் இல்லாமல் கச்சேரியில் வாசிப்பதற்கென்று கோத்த தொகுப்புகள். சூட் என்கிறார்கள்.*

* பாலேயின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இரண்டு குடும்பங்களுக்குப் பகை, நடுவில் ஒரு பையன், ஒரு பெண் என்று சொன்னாலே மிச்சத்தை நீங்கள் சொல்லிவிடுவீர்கள். சூட்டில் கதை வரிசையாக வராது. சண்டை எங்கோ இருக்கும், சாவு எங்கோ இருக்கும், விருந்து நடுவில் வரும். ஒவ்வொரு நடத்துனரும் தன் இஷ்டத்துக்குப் பொறுக்கி, தன் இஷ்டப்பட்ட இடத்தில் முடிப்பதும் உண்டு. இது எனக்குத் தெரிந்தபோது பொறாமையாக இருந்தது.

3

சாரிடம் அதே இசையின் நான்கு பதிவுகள் இருந்தன. வெவ்வேறு ஊர், வெவ்வேறு வாத்தியக் குழு. அவற்றின் அசல் பெயர்கள் சாருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தவை ஹில்டா வைத்த பெயர்கள்.

தாம்பரத்தில் வாங்கிய முதலாவது 'ஜலதோஷம்'. மேடையில் பதிவானது, பெண் சாகும் இடத்தில் பார்வையாளர் யாரோ இருமுவார். இரண்டாவது 'அவசரக்காரர்', எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தவர்போல் ஓட்டும் நடத்துனர். மூன்றாவது 'தூங்குமூஞ்சி'. நான்காவதற்குப் பெயர் இல்லை, 'நல்லது' அவ்வளவுதான்.

"உங்களுக்கும் பிடிக்குமாக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கு சர்ச் கொயர் போதும். இது என்ன, டொய்ங் டொய்ங்னு," என்றார் ஹில்டா. ஆனால் ஹாலில் அந்த இடி விழுவதற்கு முந்தைய கணத்தில், அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திக் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த இடி, கதையில் ஒருவன் கத்திக்குத்துப் பட்டு விழும் இடம். மொத்த வாத்தியக் குழுவும் ஒரே அடியாகத் திரும்பத் திரும்ப அடிக்கும். சாருக்கு அதுதான் கடைசிவரை கேட்டது. புல்லாங்குழல் முதலில் போயிற்று, பிறகு வயலின்கள். அடிக்குரல் வாத்தியங்களும் முரசும், ஒரு காதில் மட்டும், சத்தமாக வைத்தால் கேட்கும். மிச்சத்தை ஞாபகத்திலிருந்து நிரப்பிக்கொள்வார்.

பேச்சு சுத்தமாகப் புரியாது. ஹில்டா பேசினால் கைபேசி அதை எழுத்தாக்கிக் காட்டும். "ரசம் வெச்சிருக்கேன்" என்பது ஒருநாள் "ரகசியம் வெச்சிருக்கேன்" என்று வந்தது. சார் சாப்பாட்டு மேஜையில் அரைமணி நேரம் அந்த ரகசியத்துக்காகக் காத்திருந்தார்.

4

இங்கேதான் எனக்குச் சிக்கல். டாக்டர், காதுக்குள் கருவி வைக்கும் அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. காக்ளியர் இம்ப்ளான்ட். வைத்துப் பழகினால் பேச்சு புரியும் வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தக் காதில் மிச்சமிருக்கும் இயற்கையான கேட்கும் திறன் போய்விடலாம். இசை இசையாகக் கேட்குமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சார் வேண்டாம் என்றுவிட்டார்.

என் முதல் பிரதியில் அவரைச் சுயநலக்காரராக எழுதியிருந்தேன். 'மனைவியின் குரலைவிட ஒரு முரசு முக்கியமாகப் போயிற்று அவருக்கு' என்று ஒரு வாக்கியம். நன்றாகவும் இருந்தது. ஹில்டா அதில் விரலை வைத்தார்.

"இது யாரு?"

"சார்தான்."

"இவர் எனக்கு முப்பது வருஷமா காலைல காபி போட்டுக் குடுக்கிற ஆளு. இதுல காபி எங்க?"

சேர்த்துவிட்டேன். இதோ: சார் தினமும் காலையில் ஹில்டாவுக்குக் காபி போட்டுக் கொடுப்பார்.

5

(இந்தப் பகுதியில் அடித்தல் திருத்தல் இல்லை. நானே அங்கே இருந்தேன்.)

ஒரு சனிக்கிழமை முற்பகல். துணி அலசிக்கொண்டிருந்தேன். மேலே 'அவசரக்காரர்' ஓடிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு இடையில், என் பாத்ரூம் ஜன்னல் வழியாக ஒரு குரல் வந்தது. "என்னங்க." சற்றுப் பொறுத்து மறுபடி, "என்னங்க." அதில் கோபமில்லை, அவசரமும் இல்லை. பதில் வராது என்று தெரிந்தும் கூப்பிடுகிற குரல்.

மாடிக்கு ஓடினேன். கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ் போடவில்லை. ஹாலில் சார் ஸ்பீக்கர் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மலர்ந்து சிரித்தார். ஒரு விரலைத் தூக்கி, 'இரு, இந்த இடத்தைக் கேள்' என்று சைகை செய்தார்.

நான் பாத்ரூமைக் கை காட்டினேன். அவர் முகம் மாறியதை எழுத எனக்கு வரவில்லை.

ஹில்டா ஈரத்தரையில் வழுக்கி விழுந்திருந்தார். மணிக்கட்டு முறிந்திருந்தது. வலியிலும் என்னிடம் முதலில் சொன்னது, "அவர்கிட்ட ரொம்ப நேரமா கூப்பிட்டேன்னு சொல்லாத."

நான் சொல்லவில்லை. சாரே தெரிந்துகொண்டார்.

6

கட்டுப் போட்டு வந்த மறுநாள் சார் அறிவித்தார்: "ஆபரேஷன் பண்ணிக்கிறேன்."

ஹில்டாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். கைபேசியை வாயருகே வைத்துக்கொண்டு கத்தினார். "எனக்காகப் பண்ணாதீங்க! நாளைக்கு அந்தப் பாட்டு போச்சுன்னா என் மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் அதான் ஞாபகம் வரும். எனக்கு வேணாம் அந்தப் பாவம்."

சார் திரையில் வந்த எழுத்துகளை மெதுவாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உனக்காக இல்ல ஹில்டா. நீ கூப்பிட்டா எனக்குக் கேக்கணும். அது என்னோட ஆசை. உன்னோடது இல்ல."

ஹில்டா கட்டுப்போடாத கையால் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். நான் சமையலறைக்குப் போய், தேவையில்லாமல் ஒரு டம்ளரைக் கழுவினேன்.

7

அறுவைச் சிகிச்சைக்கு முந்தைய நாள் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். சார் நான்கு பதிவுகளையும் வரிசையாகப் போட்டுக் கடைசியாகக் கேட்கிறார், ஹில்டா அருகில், ஜன்னலில் மழை—

பொய். அன்று சார் முடி வெட்டிக்கொள்ளப் போனார். பிறகு கேஸ் சிலிண்டர் மாற்றினார். ஒரு பதிவையும் தொடவில்லை. "ஏன் சார்?" என்று எழுதிக் காட்டிக் கேட்டதற்கு, "போட்டா அழுவேன். அழுதா அவ வேணாம்னு சொல்லிடுவா" என்றார்.

என் இரண்டு பக்கத்தைவிட இது நன்றாக இருந்ததால் அதைத் தூக்கிப் போட்டேன்.

8

சில வாரங்கள் கழித்துக் கருவியை முதன்முதலாக இயக்கினார்கள். ஹில்டா வந்து நடித்துக் காட்டியபடி சொல்கிறேன்.

"என்னங்க, கேக்குதா?"

சார் யோசித்தார். "வாத்து பேசுற மாதிரி இருக்கு."

"வாத்துதான் இத்தனை வருஷமா சமைச்சுப் போடுது," என்றார் ஹில்டா. அந்த வாக்கியம் சாருக்குப் புரியவில்லை. ஹில்டா சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார்.

தினமும் பயிற்சி. ஹில்டா வாயை மறைத்துக்கொண்டு ஊர்ப் பெயர்களைச் சொல்வார். சார் திருப்பிச் சொல்ல வேண்டும். பல்லாவரம், குரோம்பேட்டை, பீர்க்கன்கரணை. பூகோள டீச்சர் அல்லவா, சீக்கிரமே மடகாஸ்கருக்குப் போய்விட்டார்கள். வாத்து மெதுவாக மனுஷியாயிற்று.

ஒருநாள் ஹில்டா சமையலறையில் தனக்குத்தானே முணுமுணுத்தார். கணவருக்குக் காது போன பிறகு வந்த பழக்கம் அது. மனதில் இருப்பதைத் தாராளமாக வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார். "சோம்பேறி. ஈர டவலக் கட்டில் மேல போட்டுட்டு ஜமீன்தார் மாதிரி உக்காந்திருக்கிறத பாரு."

ஹாலிலிருந்து குரல் வந்தது. "டவலை எப்பவோ காயப்போட்டாச்சு."

கரண்டி கீழே விழுந்த சத்தம் எனக்குக் கீழே கேட்டது. பிறகு ஹில்டா வெகுநேரம் அழுத சத்தமும். அதை அவர் மறுப்பார்.

9

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கே முடிந்துவிட்டது. ஆனால் நீங்கள் கேட்பீர்கள்: அந்த இசை?

நான்கு மாதமாக அவர் அதைப் போடவேயில்லை. நான் இரண்டு முடிவுகள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றில் போட்டுப் பார்க்கிறார், எல்லாம் தகர டப்பாச் சத்தமாக இருக்கிறது, அணைத்துவிடுகிறார். மற்றொன்றில் வயலின் திரும்பி வருகிறது, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன். இரண்டிலும் ஹில்டா சும்மா நிற்கிறார். ஹில்டா எங்கேயும் சும்மா நிற்கிற ஆள் இல்லை.

நடந்தது இது. போன ஞாயிறு, அவர்கள் சர்ச்சில் ஆராதனை முடிந்து வந்த பிறகு, அடை சுட்டிருந்தேன், கொடுக்கப் போனேன். மாடிப்படி ஏறும்போதே இசை கேட்டது. போட்டது ஹில்டா. தனக்காகத்தான். சார் குளித்துக்கொண்டிருக்கிறார், கருவியைக் கழற்றி வைத்திருக்கிறார், அவருக்குத் தெரியவராது என்று நினைத்துப் போட்டிருக்கிறார். டொய்ங் டொய்ங் என்று இத்தனை வருடம் திட்டியவர், அது இல்லாமல் இருக்க முடியாமல் போட்டிருக்கிறார்.

வாசலில் நின்று பார்த்தேன். சார் ஈரத்தலையோடு ஹாலுக்கு வந்தார். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. பிளேயரின் சின்ன விளக்கைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார். ஹில்டா திருடும்போது பிடிபட்டவர்போல் எழுந்தார். சார் அவர் தோளைத் தொட்டு உட்காரவைத்தார், பக்கத்தில் தானும் உட்கார்ந்தார்.

"எந்த இடம்?" என்றார்.

ஹில்டா யோசித்தார். அவருக்கு வாத்தியங்களின் பெயர் தெரியாது. சாரின் உள்ளங்கையை எடுத்து மடியில் வைத்து, விரல்நுனிகளால் அதன் மேல் மெதுவாக ஓட ஆரம்பித்தார். சார் கண்ணை மூடிக்கொண்டு, "பொண்ணு டான்ஸ் ஆடுறா. சரியா?" என்றார்.

சரியா என்று எனக்குத் தெரியாது. ஹில்டா தலையாட்டினார்.

கருவி மேஜை மேல், கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது. சார் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். கையை நீட்டினார்.

நான் அடைத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுக் கீழே வந்துவிட்டேன். எழுதுகிறவள் நின்று பார்த்திருக்க வேண்டும், தெரியும். பார்க்கக் கூடாது என்று தோன்றியது. கீழே வந்து ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன், எதுவும் கேட்காமல் இருக்க. ஆனாலும் இசை நடுவில் நின்றதும், அதன்பின் இருவரும் சேர்ந்து சிரித்ததும் கேட்டது. பிறகு மறுபடி முதலிலிருந்து போட்டார்கள்.

ஏன் நிறுத்தினார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கப்போவதுமில்லை. உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் மாடி ஏறிப் போங்கள். ஹில்டா அக்கா டீ போட்டுத் தருவார். சர்க்கரை கம்மியாக வேண்டுமென்றால் முன்னாடியே சொல்லிவிடுங்கள். சாரிடம் கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள், கத்த வேண்டாம். இப்போதெல்லாம் அவருக்குக் கேட்கும்.