அம்புக்குறி இல்லாத கோட்டை

என் மனைவி விட்டுப்போன ஆட்டம் கடைசிக் கோட்டைக்கு வெளியே ஒரு சத்திரத்தில் நின்றிருந்தது. பழைய வீடியோ கேம். அவள் சேமித்ததெல்லாம் கேசட்டுக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியின் தயவில் பிழைத்திருந்தது. அது தீரப்போகிறது என்றான் மச்சான். அவளுடைய தம்பி, மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மாற்றலாம், ஆனால் பற்றவைக்கும்போது கை தவறினால் எல்லாம் அழிந்துவிடும்.

அக்காவும் தம்பியும் கேம் விஷயத்தில் அடித்துக்கொள்ளாத ஞாயிறு கிடையாது. அவனுக்குப் புதியவைதான். மழையும் குதிரையின் பிடரிமயிரும் நிஜம்போலவே இருக்கும். செத்தால் அதே இடத்தில் எழுந்துகொள்ளலாம். எங்கே போகவேண்டும் என்று அம்புக்குறி காட்டும். "கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா அது ஊர் சுத்துறதாடா?" என்பாள். அவளுடைய கேமில் மனிதர்கள் கட்டங்கட்டமாக இருப்பார்கள். ஒவ்வொருவரிடமும் பேச்சுக் கொடுத்துத்தான் வழி கண்டுபிடிக்கவேண்டும். அக்காவுக்கு வம்பளக்க ஒரு சாக்கு என்பான் அவன். நான் நடுவில் சோபாவில் தூங்கிவிடுவேன். ஆட்டத்தில் ஒரு வீரனுக்கு அவள் என்னை நினைத்து வைத்த பெயரே தூங்குமூஞ்சிதான். இங்கிலீஷ் எழுத்தில் முழுதாக ஏறாமல் 'தூங்கு' என்று நின்றுவிட்டது.

கடைசிச் சண்டைக்குப் போதாது என்று கோட்டைக்குள் போய்ப்போய் காயம் ஆற்றும் மூலிகை சேர்த்தாள். ஒன்றைக்கூடச் செலவழிக்க மாட்டாள். அதற்குள் ஆஸ்பத்திரி வந்துவிட்டது.

"பேட்டரியைத் தொடுறதுக்கு முன்னாடி முடிச்சுப் பாத்துடலாம் அத்தான்" என்றான். அவள் மிச்சம் வைத்ததை நாங்கள் தீர்த்துவிடுவதா என்று தயக்கமாக இருந்தது. இருந்தும் உட்கார்ந்தேன்.

கோட்டைக்குள் நுழைந்ததும் மச்சான் திணறினான். எல்லாச் சுவரும் ஒன்றுபோல இருந்தன. இடப்பக்கப் படி, அப்புறம் கிணற்றுக்குள் இறங்கு, சிலைக்குப் பின்னால் கதவு என்று என் வாய் சொல்லிக்கொண்டே வந்தது. அவன் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க தூங்கிட்டுல்ல இருந்தீங்க?"

மூலிகை அத்தனையும் கரைந்த பிறகு ஜெயித்தோம். பாட்டு முடிந்து திரை அப்படியே நின்றது. அணைத்துப் போட்டான். மறுபடி அதே சத்திரம். பையில் மூலிகை நிறைந்திருந்தது. பழைய கேம் ஜெயித்ததைப் பதியாது, கடைசியாக அவள் சேமித்த இடத்துக்கே வரும் என்று மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விளக்கினான்.



"மாத்து" என்றேன்.

"அழிஞ்சுட்டா?"

"முதல்லேருந்து ஆடலாம். வழிதான் தெரியுமே."

கேசட்டைத் திறக்க ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். நான் விளக்கைப் பக்கத்தில் நகர்த்திப் பிடித்தேன்.