யார் பொறுப்பில் சின்னவன்?

அம்மா போன பிறகு சின்னவனுக்கு யார் காப்பாளர் என்பதில் தையல்கார அக்காவும் கார் ஓட்டக் கற்றுத்தரும் அண்ணனும் முட்டிக்கொண்டார்கள். சின்னவன் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை. முப்பத்துநான்கு வயது, காதோரம் நரை. எதையும் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரமெடுக்கும், அவ்வளவுதான். இதுவரை அக்கா வீட்டில் இருந்தபடி வாரக் கடைசியில் அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தான். இப்போது அண்ணன் அவனை மொத்தமாகத் தன்னோடு வைத்துக்கொள்ளக் கிளம்பிவிட்டான். தம்பி இல்லாத வீட்டை அக்காவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. நீதிபதி அம்மாள் மூவரையும் தன் அறையிலேயே உட்காரவைத்து விசாரித்தார்.

அக்கா முந்திக்கொண்டாள். "அவனுக்குச் சட்டைப் பொத்தான்கூடப் போடத் தெரியாதுங்கம்மா. நான்தான் போட்டுவிடணும்."

"யார் சொன்னா? என் வீட்ல அவனேதான் போட்டுக்கிறான்," என்றான் அண்ணன். "ஆனா தனியா வெளிய அனுப்ப முடியாது. ரோடு தாண்டத் தெரியாது."

"நல்லா இருக்கே கதை. எனக்கு நூல்கண்டு வாங்கிட்டு வர்றதே அவன்தான். அடுப்புப் பக்கம் மட்டும் விடக் கூடாது."

"எங்க வீட்ல காலையில டீ போடுறது யாருன்னு நினைச்சே?"

இப்படி ஒருவர் சொன்னதை மற்றவர் போட்டுடைத்துக்கொண்டே போனார்கள். தாங்கள் சேர்ந்து தம்பிக்குத்தான் சாட்சி சொல்கிறோம் என்பது இரண்டு புத்திசாலிகளுக்குமே உறைக்கவில்லை.

நீதிபதி பேனாவை மூடினார். "ரெண்டு பேர் சொல்றதையும் சேர்த்துப் பார்த்தா, இவரால முடியாததுன்னு ஒண்ணையும் காணோமே." சின்னவனிடம் திரும்பினார். "பொத்தான் போடத் தெரிஞ்சும் ஏன் அக்காவைப் போடவிடுறீங்க?"

"அக்காவுக்குப் பிடிக்கும்."

அண்ணன் சிரித்தான்.

"ரோட்ல அண்ணன் கையைப் பிடிச்சுக்குவேன்," என்றான் சின்னவன். "அண்ணனுக்கு பயம்."

அண்ணனின் சிரிப்பு அதோடு நின்றது.

"காப்பாளர் வேண்டாம். கூட நின்னு உதவி பண்ணினா போதும், முடிவு இவரோடது," என்றார் நீதிபதி. "சொல்லுங்க, எங்க இருக்கப் போறீங்க?"

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா வீட்ல."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவன் இன்னும் முடிக்கவில்லை.

"என் ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும்."

முன்பு இருந்ததைக் கழற்றிப் போட்டவளே அவள்தான், அவன் நல்லதுக்கு என்று. அவளுக்குச் சுருக்கென்றது.

"போட்டுடலாம்டா," என்றாள். "இனிமே தட்டிட்டே வரேன்."

சின்னவன் சற்று யோசித்தான்.

"தட்டினா போதாது. நான் வரச் சொல்ற வரைக்கும் வெளியவே நிக்கணும்."