வலப்பக்கத்துப் பை

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த இளையவள் திங்கட்கிழமை உயரமாகவும் வியாழக்கிழமை குட்டையாகவும் இருப்பாள். பிறர் உடுத்திக் கழித்த துணி எதைப் போட்டாலும், அவளுக்கு முன் அதைக் கடைசியாகக் கழற்றியவரின் உடம்பு கழுத்துக்குக் கீழே அப்படியே அவளுக்கு வந்துவிடும். முகம் மட்டும் அவளுடையது. துவைத்தாலும், தேய்த்தாலும், பிரித்துத் தைத்தாலும் இதில் மாற்றமில்லை. தடித்த மனிதர் ஒருவரின் கோட்டைப் போட்ட நாளில் அவளால் கல்லாவுக்குப் பின்னால் நுழைய முடியவில்லை. நெட்டைக்காரி ஒருத்தியின் கவுனைப் போட்ட நாளில் ஏணி இல்லாமலே மேல்தட்டுக் கண்ணாடிச் சட்டங்களை எடுத்துக் கொடுத்தாள். கடை முதலாளிக்கு இதில் ஆட்சேபணை இல்லை. “சரக்கு வர்ற நாள்ல மட்டும் குட்டையா வராதம்மா” என்று ஒருமுறை சொன்னதோடு சரி. ஊரும் பழகிக்கொண்டது. தச்சர் ஒருவர் இறந்துபோன தன் தகப்பனின் சட்டையைக் கொண்டுவந்து, “இதைப் போட்டுக்கிட்டு கையை மட்டும் கொஞ்ச நேரம் குடு தாயி” என்று கேட்டார். கொடுத்தாள். பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, வந்த வேலை அதுதான் என்பதுபோல் படிக்கிற கண்ணாடிக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

பழைய துணி அந்த வீட்டுக்குள் வந்தது மூத்தவளால். அப்பா ஊரிலேயே பெரிய ஜவுளிக்கடையில் தலைமை விற்பனையாளர். மடிப்புக் கலையாத புதுத்துணியைத் தவிர வேறொன்றை அவர் கையால் தொட்டதில்லை. அம்மா இல்லாத வீட்டில் இரண்டு பெண்களுக்கும் அவர்தான் துணி எடுப்பார். மூத்தவள் தன் பங்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய துணிக்கடைக்குப் போய்விடுவாள். பெரிய மூட்டைகளை அரிவாளால் கீறித் திறப்பதால் அந்தக் கடைக்காரிக்கு மூட்டைக்காரி என்றே பெயர். மூட்டை சரிந்ததும் மூத்தவள் முழங்காலிட்டு உட்கார்ந்து கிளறுவாள். ஆண்கள் போடும் கட்டம்போட்ட சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டு, அதன்மேல் தோள்பட்டை அகலமாக வைத்த அந்தக் காலத்துக் கோட்டைப் போட்டு, இடுப்பில் யாரோ ஒரு தபால்காரரின் வாரை இறுக்கிக்கொண்டு அவள் நடந்தால் தெருவே ஒருமுறை திரும்பிப் பார்க்கும். அவளுக்கு இடக்கைப் பழக்கம். அதனால் எந்தச் சட்டை வாங்கினாலும் மார்புப் பையைப் பிரித்தெடுத்து வலப்பக்கத்தில் தைத்துக்கொள்வாள். பை இருந்த இடத்தில் வெயில் படாத துணி ஒரு சிறு ஜன்னல்போல் அடர்ந்த நிறத்தில் தெரியும். “புதுசு போட்டா கடை தெரியும்டி, இதைப் போட்டாத்தான் நான் தெரிவேன்” என்பாள். அவள் கழித்த சட்டையை இளையவள் போட்ட நாட்களில், இருவரும் ஒரே உடம்போடு, ஒரே வீச்சில் கால் வைத்துக் கடைவீதி போய் வருவார்கள். யார் யாருடைய உடம்போ வந்துபோன இளையவளுக்கு அந்த ஓர் உடம்பில் இருக்கும்போது மட்டும் வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்ததுபோல் இருக்கும்.

ஜவுளிக்கடைக்குப் புதிய கிளை திறந்த அன்று மூத்தவள் பச்சைக் கவுன் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனாள். முதலாளியின் மனைவி அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “அட, இது நான் போட்டுக் கழிச்சதாச்சே! என்னைவிட உனக்குத்தாம்மா எடுப்பா இருக்கு” என்றாள். அவள் மனதாரத்தான் சொன்னாள். ஆனால் அப்பாவுக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அப்பா விழா முடியும்வரை வந்தவர்களுக்குத் துணி விரித்துக் காட்டினார். வீட்டுக்கு வந்து மூத்தவளின் பெட்டியைத் தெருவுக்கு இழுத்துப்போய்க் குப்பை வண்டியில் கவிழ்த்தார். “ஊரு கழிச்சதை உடம்புல மாட்டிக்கிட்டு இனிமே என் வீட்டுக்குள்ள வராதே. நீ இருக்கியா இல்லையான்னு ஒரு காகிதம்கூட இந்த வாசலுக்கு வரக்கூடாது” என்றார். மூத்தவள் பச்சைக் கவுனோடு அப்படியே நடந்தாள். தெருமுனைவரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஓட வேண்டும் என்று இளையவள் நினைத்தாள். விழா என்பதால் அன்று அவள் போட்டிருந்தது புதுத்துணி. கால்கள் அவளுடையவை. அவை நகரவில்லை.

அதன்பின் செய்தி எதுவும் இல்லை. இளையவள் சனிக்கிழமைதோறும் மூட்டைக்காரியின் கடைக்குப் போய்த் துணி கிளறினாள். தனக்கு வேண்டியதைத் தேடுவதாகத்தான் முதலில் சொல்லிக்கொண்டாள். எங்கெங்கோ இருந்து வந்த உடம்புகளில் ஏறி இறங்கினாள். ஒருத்திக்கு முதுகு வலித்தது, ஒருவருக்குக் கால் விரல் இல்லை, ஒரு கிழவருக்கு உடம்பெல்லாம் காரணமில்லாத குஷி. அவர்களில் யாரையும் அவளுக்குத் தெரியாது. சில வருடங்கள் போன பிறகு, ஒரு மூட்டையின் அடியிலிருந்து நீலக் கட்டச் சட்டை ஒன்று வந்தது. மார்புப் பை வலப்பக்கம் இருந்தது. இடப்பக்கம் அடர்ந்த நீலத்தில் அந்தச் சிறு ஜன்னல். திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டாள். பழக்கமான தோள்கள் வந்தன, பழக்கமான இடுப்பு வந்தது. ஆனால் விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்பட்டன. இடது மணிக்கட்டு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது. அவள் அந்தக் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். இன்னொருத்தி திரைக்கு வெளியே, “உள்ள யாரும்மா, தூங்கிட்டியா?” என்று கேட்கும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்று வீட்டில், “அக்காவுக்குக் கை உடைஞ்சு கூடியிருக்குப்பா” என்றாள். அப்பா செய்தித்தாளைத் திருப்பினார். மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பி, வாசற்படியில் நின்றுகொண்டு, திரும்பாமலே, “எந்தக் கை?” என்று கேட்டார்.

இப்படியே மூத்தவளின் வாழ்க்கை துண்டு துண்டாக ஊருக்கு வந்து சேர்ந்தது. ஒரு வருடம் சாம்பல் நிறச் சட்டை வந்தது. அதில் வயிறு காயவில்லை, விலாவில் சதை பிடித்திருந்தது. சட்டையோடு வீட்டுக்கு வந்த இளையவளை மேலும் கீழும் பார்த்த அப்பா, “சாப்பிடுறா” என்று மட்டும் சொன்னார். பிறகு வலப்பக்கம் பை வைத்த, தொளதொளவென்ற பூப்போட்ட கவுன் ஒன்று வந்தது. அதைப் போட்டதும் இளையவள் திரைக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். நிறைமாதம். உள்ளே ஒன்று உதைத்தது. பேருந்தில் ஏறப் பயந்து, கையை இடுப்பில் ஊன்றி மெல்ல நடந்தே வீட்டுக்கு வந்தாள். அப்பா எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு நகர்த்திப் போட்டார். எதிரே நின்று அந்த வயிற்றையே பார்த்தார். கையைக் கொஞ்சம் நீட்டினார், பிறகு தன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோல் மடக்கிக்கொண்டார். இரவல் வயிற்றைக் கழற்றி மாட்டியபோது இளையவளுக்கு அழுகை வந்தது. அந்தப் பிள்ளை பிறந்ததா, ஆணா பெண்ணா என்று துணி சொல்லவில்லை. ஏதாவது எதிர்பார்த்து அவள் அடுத்தடுத்து மூட்டைகளைக் கிளறினாள். நெடுநாள் ஒன்றும் வரவில்லை. வாங்கி வைத்த அந்த மூன்று உடைகளையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனாள். பூப்போட்ட கவுன் நாட்களில் முதலாளி அவளை நிற்கவிடவில்லை. வருடக்கணக்கில் நிறைமாதமாக இருந்த அவளுக்கு வாடிக்கையாளர்கள் தாமாகவே வழிவிட்டார்கள்.

கடைசியில் ஒரு கம்பளிக் கோட்டு வந்தது. காபி நிறம், பித்தளைப் பொத்தான், வலப்பக்கம் பை. போட்டதும் இளையவள் சிரித்துவிட்டாள். அக்கா நன்றாக இருந்தாள். தோள்களில் வலு, வயிற்றில் பிள்ளை பெற்ற வரிகள், இடது கட்டைவிரலில் கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்த தடிப்பு. நாள் முழுக்க அந்தக் கோட்டைக் கழற்றவில்லை. சாயங்காலம் பொத்தானைப் போடும்போது இடது மார்பின் ஓரம் கையில் ஏதோ இடறியது. பட்டாணி அளவு, கெட்டியாக, அழுத்தினால் நகராமல் இருந்தது. மறுநாள் டாக்டரம்மாவிடம் போனாள். அவர் கோட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். முகம் மாறியது. “இதைத் தள்ளிப்போடாதம்மா.”

“இது என்னோடது இல்லை டாக்டர். எங்க அக்காவோடது. அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது.”

“யாரோடதா இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது” என்றார் டாக்டரம்மா.

இளையவள் நேரே மூட்டைக்காரியிடம் ஓடினாள். கோட்டு வந்தது பச்சை நாடா கட்டிய மூட்டையில், அது துறைமுக நகரத்திலிருந்து வருகிறது, அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்றாள் அவள். வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது என்று இளையவள் நினைத்தாள். அவர் பயணப் பையோடு வெளியே வந்தார். “நீ கோட்டைப் போட்டுக்கிட்டு முன்னால நட. நான் பத்தடி தள்ளி வர்றேன். உன் முதுகைப் பாத்து யார் கூப்பிடுறாங்கன்னு நான் பாக்கறேன்” என்றார். துணி விற்றே நரைத்தவருக்கு, ஆட்களை முதுகை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கலாம் என்பது தெரிந்திருந்தது.

துறைமுக நகரம் பெரிது. கோடையில் பொருந்தாத கம்பளிக் கோட்டோடு மகளும், பின்னால் பையோடு அப்பாவும் வீதி வீதியாக நடந்தார்கள். சந்தை, ரயிலடி, பள்ளிக்கூட வாசல்கள், படகுத்துறை. யாரும் கூப்பிடவில்லை. அப்பாவின் கால் வீங்கியது. திரும்பிவிடலாமா என்று மகள் கேட்டால் கைவீசி முன்னால் போகச் சொல்வார். ஒரு காலையில் குறுகலான சந்தில் பூட்டுக்காரர் ஒருவர் தலையை நீட்டி, “டெய்லரம்மா, உங்க சாவி ரெடி. எத்தனை நாளா சொல்றேன்?” என்றார். இளையவள் திரும்பினாள். “மன்னிச்சுக்கம்மா, நடையைப் பாத்து அவங்கன்னு நினைச்சுட்டேன்.” பின்னால் அப்பா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

சாவியை வாங்கிக்கொண்டு, பூட்டுக்காரர் காட்டிய வீட்டின் மாடிப்படி ஏறினார்கள். கதவைத் திறந்த மூத்தவள் முதலில் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. தன் தோளையும் தன் இடுப்பையும் தன் கோணல் மணிக்கட்டையும் பார்த்தாள். “வந்துடுச்சா” என்றாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். ஒரு காகிதம்கூட வரக்கூடாது என்று அப்பா சொன்னாரே தவிர, துணி வரக்கூடாது என்று சொல்லவில்லை. அதனால் கழித்த ஒவ்வொன்றையும் பையை மாற்றித் தைத்து மூட்டையில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். பெரும்பாலானவை வேறு ஊர்களுக்கு, வேறு உடம்புகளுக்குப் போய்விட்டன. “வேற எப்படிடி உனக்குச் சொல்றது? இந்தக் கோட்டு நல்லாத்தான் இருந்துச்சு. நான் இப்ப நல்லா இருக்கேன்னு உனக்குக் காட்டத்தான் அனுப்பினேன்.”

இளையவள் அக்காவின் கையைப் பிடித்துக் கோட்டுக்குள் விட்டு, அந்த இடத்தில் வைத்தாள். மூத்தவள் தன் மறு கையால் தன் மார்பிலும் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

வாசலிலேயே நின்ற அப்பாவை அப்போதுதான் கவனித்தார்கள். உள் அறையிலிருந்து ஒரு சிறுமி ஓடிவந்து அவரை யாரென்று கேட்டாள். அவர் குனிந்து அவளுடைய சட்டைக் கையைத் தொட்டார். பழைய திரைச்சீலையை வெட்டித் தைத்தது. மடிப்பை விரலால் நீவிப் பார்த்து, “தையல் நல்லா விழுந்திருக்கு” என்றார். மூத்தவள் அழ ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். அன்றிரவு அப்பா தரையில் படுத்துக்கொண்டார், எழுந்து கட்டிலில் படுக்கச் சொன்னதற்குத் தலையசைத்து மறுத்துவிட்டார்.

கட்டியைச் சரியான நேரத்தில் எடுத்துவிட்டார்கள். மார்பையும் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தது. மூத்தவளின் கணவன் கப்பலில் வேலை செய்பவன். அவன் வந்து சேரும்வரை இளையவள் அங்கேயே தங்கினாள். அப்பா சிறுமியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவந்தார், கீழேயுள்ள மூத்தவளின் தையல் கடையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் துணியின் தரம் பேசினார். தன் ஊர் ஜவுளிக்கடைக்கு வேலையை விட்டுவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மூத்தவள் மட்டும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். எப்படி இருக்கிறது என்று தங்கை கேட்டால் ஆரம்பிப்பாள், பாதியில் நிறுத்திவிடுவாள். ஒருநாள் மதியம், “சொல்ல வரலைடி. இருந்த இடத்துல இல்லை, அவ்வளவுதான். ஆனா அவ்வளவுதான்னு இல்லை” என்றாள்.

“கழட்டிக் குடு” என்றாள் இளையவள்.

மூத்தவள் அவளைப் பார்த்தாள். பிறகு போட்டிருந்த சட்டையின் பொத்தான்களை ஒற்றைக் கையால் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, கொடியில் கிடந்த இன்னொன்றை மாட்டிக்கொண்டாள். சட்டையில் இன்னும் சூடு இருந்தது. இளையவள் அதைப் போட்டுக்கொண்டாள். இடப்பக்கம் துணி தட்டையாக விலாவில் படிந்தது. தோலை உள்ளிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் தையல் இழுத்தது. கையை உயர்த்திப் பார்த்தாள், தோளுக்கு மேல் ஏறவில்லை. இல்லாத இடம் லேசாக அரித்தது. சொரியக் கையைக் கொண்டுபோனாள், சொரிய அங்கே ஒன்றுமில்லை.

“இப்படியா?”

“இப்படித்தான்.”

வாளியில் ஊறிய படுக்கை விரிப்பு காயப்போடாமல் கிடந்தது. இருவரும் அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார்கள். இரண்டு பேருக்கும் இடக்கை உயராததால், ஆளுக்கொரு முனையை வலக்கையால் பிடித்து வீசிக் கொடியில் போட்டார்கள். முதல் வீச்சில் விரிப்பு விழுந்துவிட்டது, மறுபடியும் வீசினார்கள். எதிர்மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பி, முதுகைக் காட்டி நின்ற இரண்டு டெய்லரம்மாக்களையும் பார்த்தாள். “மழை வர்ற மாதிரி இருக்கு, கனமானதை உள்ள போடுங்க” என்று குரல் கொடுத்துவிட்டுத் தன் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.