கொழுந்துத் தராசில் பிள்ளை

பதுளை ஆஸ்பத்திரியில் எட்டாம் மாதத்திலேயே பிறந்து, இருபத்தாறு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த மகளை, ஒரு வியாழக்கிழமை மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தாள் றொஷேல். கையில் ஏந்தி அல்ல. சட்டைக்குள், நெஞ்சோடு நெஞ்சாக வைத்து, துணியால் இறுகக் கட்டிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். பிள்ளையின் நிறை ஒரு கிலோ எண்ணூற்றிருபது கிராம்.

வார்ட்டை விட்டுப் புறப்படும்போது நேர்ஸ் துஷாந்தினி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"அடுத்த வியாழன் நிறுக்கணும், தங்கச்சி. ரெண்டு கிலோவத் தொட்டிருக்கணும். இல்லன்னா புள்ள திரும்ப இங்கதான். குளிப்பாட்டக் கூடாது, ஆளுக்காள் கை மாத்தித் தூக்கக் கூடாது. யாரு சொன்னாலும்."

லயத்து வரிசை வீடுகளில் அப்படி முதலில் சொன்னவள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் செபஸ்தியம்மா. றொஷேலின் கணவன் றிச்சர்டுக்கு அக்கா. நான்கு பிள்ளை பெற்றவள். அதில் ஒன்று எட்டாம் மாதத்தில் பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது.

"ஏழு மாசத்துல பொறந்தாலும் தங்கும், எட்டு தங்காதுடி. தலைக்கு எண்ண வச்சு, சுடுதண்ணி ஊத்தி, சாம்பிராணி காட்டுனாத்தான் கொஞ்சமாச்சும் தேறும். நீ என்னடான்னா கொரங்குக் குட்டி மாதிரி கட்டிக்கிட்டுத் திரியிற."

"கொரங்குக் குட்டி கீழ விழுந்து நான் பாத்ததில்ல, மதினி."

செபஸ்தியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். றொஷேல் வாயால் வென்றாளே தவிர, மனம் அடங்கவில்லை. மதினி நாலு பெற்றவள். தனக்கு இதுதான் முதல் பிள்ளை. ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டாளா? இரண்டு மணிக்கொரு தடவை பால் கொடுத்தாள். கொடுத்த நேரத்தைப் பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் குறித்தாள். குறித்ததை மறுபடி சரிபார்த்தாள். பிள்ளையின் பாதத்தைத் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தாள். உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

புதன்கிழமை விடிவதற்குள் பெய்த மழையில் பாதை இடிந்து விழுந்தது. பஸ் இல்லை. வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொன்ன மருத்துவிச்சியும் வர வழியில்லை என்று போன் பண்ணினார். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் இருந்த தராசு உடைந்து மாதக்கணக்காகிறது.

"குறுக்கால மலையேறி அந்தப் பக்கத்து ரோட்டப் புடிச்சிரலாம்" என்றான் றிச்சர்ட்.

"நிறுக்கிறதுக்காக நாலு மணிநேரம் புள்ளைய மழையில நனைக்கச் சொல்றியா? இந்தத் தோட்டத்துல தராசே இல்லையா?"

வியாழக்கிழமை பகல், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகைக்குப் போய் வரிசையில் நின்றாள். முன்னால் பத்துப் பெண்கள், கொழுந்துச் சாக்கோடு. அதில் செபஸ்தியம்மாவும் ஒருத்தி. கணக்கப்பிள்ளை நிஷாந்த் தராசின் எண் தன் பக்கம் தெரியும்படி நின்று, ஒவ்வொரு சாக்குக்கும் நிறையைச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தார். றொஷேலைக் கண்டதும் பேனையை நிறுத்தினார்.

"இது கொழுந்துத் தராசும்மா."

"தெரியும் ஐயா. நாலு வருசமா என் கொழுந்தையும் இதுலதான் நிறுத்தீங்க."

பெண்கள் வழிவிட்டார்கள். றொஷேல் முதலில் வெறும் துணியைக் கொக்கியில் மாட்டினாள். இருநூறு கிராம். பிறகு துணிக்குள் மகளை வைத்து முடிச்சுப் போட்டு மாட்டினாள். றிச்சர்ட் இரண்டு கையையும் கீழே விரித்து, தொடாமல் ஏந்தி நின்றான்.

"துணிய விட்டுட்டு, ஒன்னு எண்பத்தி நாலு" என்றார் நிஷாந்த்.

ஒரு கிலோ எண்ணூற்று நாற்பது. ஏழு நாளில் ஏறியது வெறும் இருபது கிராம். றொஷேல் அவசரமாக மகளை எடுத்து நெஞ்சில் சேர்த்துக்கொண்டாள். மதினி சொன்னதுதான் சரியா? எந்தப் பாலில் தவறியது, எந்த நேரத்தில் தவறியது என்று மனம் தாளைப் புரட்டியது. புரட்டும்போதே வேறொன்று தட்டுப்பட்டது. இன்று மழை நாள்.

"ஐயா, தண்ணிக்குக் கழிச்சீங்களா?"

நிஷாந்த் எண்ணைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். மழை நாளில் கொழுந்தின் ஈரத்துக்கென்று பத்துக்கு ஒன்று கழிப்பது கை தானாகச் செய்கிற வேலை.

"பழக்கத்துல... கழிஞ்சிருச்சு போல."

சாக்கைக் கீழே போட்டுவிட்டு முன்னுக்கு வந்தவள் செபஸ்தியம்மா.

"எங்க கொழுந்துலதான் தண்ணி இருக்குன்னு கழிக்கிறீங்க. பச்சப் புள்ளையில என்னய்யா தண்ணி? திரும்ப மாட்டுடி றொஷேலு. நம்பர நான் பாக்குறேன்."

"நீங்க இந்தப் பக்கம் வரக் கூடாது" என்றார் நிஷாந்த்.

"வந்துட்டேன்."

மறுபடி மாட்டினாள். செபஸ்தியம்மா எண்ணை உரக்க வாசித்தாள். இரண்டு இருபத்து நாலு. துணி போக இரண்டு கிலோ நாற்பது கிராம்.

"கிளினிக் கார்டுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க ஐயா" என்றாள் றொஷேல். "நாளைக்கு யாரும் நம்பலன்னு சொல்லக் கூடாது."

"நான் டொக்டரா?"

"நிறுத்தது நீங்கதான."

வரிசை நகரவில்லை. யாரும் சாக்கை மாட்டவும் இல்லை. நிஷாந்த் கையெழுத்துப் போட்டார்.

மடுவத்து வாசலில் நின்றே வார்ட்டுக்குப் போன் பண்ணினாள். துஷாந்தினிதான் எடுத்தார்.

"ரெண்டு கிலோ நாப்பது கிராம், மிஸ்."

"பாதை இல்லையே, எங்க நிறுத்தீங்க?"

"கொழுந்துத் தராசுல."

திட்டப்போகிறார் என்று றொஷேல் நினைத்தாள்.

"தண்ணிக்குக் கழிச்சாங்களா?" என்று கேட்டார் துஷாந்தினி. அவரும் ஏதோ ஒரு லயத்தில் பிறந்தவர்தான் போலிருக்கிறது.

"கழிச்சாங்க மிஸ். நாங்க விடல, திரும்ப நிறுத்தோம்."

"அப்ப வீட்டுலயே வச்சிருங்க."