வியாழக்கிழமைத் தலையாட்டிகள்

என் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்பவர். யார் வீட்டுக் கதவு சிக்கிக்கொண்டாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். தொழிலில் கெட்டிக்காரர், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மனிதருக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. யார் எதைக் கேட்டாலும் 'சரி'தான். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று என் அப்பா கேட்டபோதுகூட "சரிங்க" என்றுதான் சொன்னார். அதில் எனக்கு இன்றுவரை ஒரு சந்தேகம் உண்டு.

இந்தக் குணத்தைச் சரியாக மோப்பம் பிடித்து வைத்திருந்தவர் அவருடைய அக்கா புருஷன். முறைக்கு எனக்கு அண்ணன். கடை திறப்பதும் மூடுவதும்தான் அவருக்குத் தொழில். துணிக்கடையை மூடியபோது, கண்ணாடிக்குப் பின்னால் சட்டை மாட்டி நிறுத்தியிருந்த ஆளுயரப் பொம்மைகளை "ஒரு வாரம் இருக்கட்டும் மாப்ளே" என்று கொண்டுவந்து எங்கள் மகளின் அறையில் இறக்கினார். அந்த ஒரு வாரம் ஒரு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. பொம்மைகள் அறையில் சௌகரியமாக நின்றன. பரீட்சைக்குப் படிக்கிற பெண் கூடத்து சோபாவில் காலை மடக்கிப் படுத்தாள்.

"உடுப்பு மாத்தக்கூட உள்ள போக முடியலம்மா. ஒண்ணுக்குக் கை இல்ல, ஒண்ணுக்குத் தலை இல்ல. தலை இருக்கிறதெல்லாம் என்னையே பாக்குது" என்பாள்.

நீ சொல்ல வேண்டியதுதானே என்று என்னைக் கேட்காதீர்கள். சொல்லாமல் இருப்பேனா? நான் சண்டை போட்டால் அண்ணன் வயிறு குலுங்கச் சிரிப்பார். "தங்கச்சிக்கு எப்பவும் தமாஷ்தான்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் நேராக இவர் பூட்டுக் கடைக்குப் போய் இவரிடம் சரி வாங்கிவிடுவார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குகிறவரிடம் பொண்டாட்டி கத்தி என்ன பிரயோஜனம்? இடத்தைக் கொடுத்தவர் வாயைத் திறக்க வேண்டும்.

அப்புறம்தான் அண்ணன் நடத்திய ஜிம்மும் படுத்தது. மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மெஷின்களை லாரியில் அனுப்புவதாகப் போன் வந்தது. கூடத்தில் போட்டுக்கலாம் என்றாராம். இவர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

மகள் கத்தவில்லை, அழவில்லை. பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசி துடைத்தாள்.

"மெஷின் உள்ள வந்தா நான் பெரியம்மா வீட்டுக்குப் போயிடறேன்மா. இங்கதான் இருந்து படிக்கணும்னு ஒண்ணும் இல்லையே" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் முன்மேசையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு டோக்கன் கொடுப்பவள். அந்த வாரம் எங்கள் சுவரில், சொத்தைப் பல் படத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். 'முடியாது என்று சொல்ல முடியவில்லையா? நீங்கள் தனி ஆள் இல்லை. வியாழன் மாலை, நூலக மாடி. கட்டணம் இல்லை.' அன்றைக்கு எத்தனை பேருக்கு டோக்கனை மாற்றிக் கொடுத்தேனோ, கண் அதிலேயே இருந்தது.

வீட்டுக்கு வந்து, "ஒரு இடத்துக்குப் போகணும், வர்றீங்களா?" என்றேன்.

"சரி" என்றார். எங்கே என்றுகூடக் கேட்கவில்லை.

நூலக மாடியில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நடத்துகிறவர் ஒரு ஆலோசகர் அம்மா. தலை நரைத்து, குரல் மட்டும் சின்னப் பெண் மாதிரி இருந்தார். கூட வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்பது விதியாம். "நான் இருந்தா என்னங்க?" என்று கேட்டேன். அந்த அம்மா உடனே குஷியாகிவிட்டார்.

"நல்ல பயிற்சி! இவங்களை வெளிய போகச் சொல்லுங்க. ஒவ்வொருத்தரா சொல்லுங்க பாப்போம்" என்று வட்டத்தைப் பார்த்தார்.

முதலில் ஒரு பஸ் டிரைவர் எழுந்தார். மீசை மட்டும் போலீஸ்காரர் மீசை. என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "நீங்க இந்த நாற்காலில உக்காருங்கம்மா, அது ஆடும்" என்று தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டார். அடுத்து ஒரு நர்ஸ், "தண்ணி குடிக்கிறீங்களாக்கா?" என்றாள். மூன்றாவது ஆள் ஒரு டிராயிங் வாத்தியார். அவர் ஒன்றும் சொல்லவே இல்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு அங்கே பெயரே தலையாட்டிதான். ஆக, நான் உள்ளேயே உட்கார்ந்தேன். அதற்கப்புறம் எல்லா வியாழனும் உட்கார்ந்தேன்.

ஆளாளுக்குத் தங்கள் கதையைச் சொன்னார்கள். பஸ் டிரைவரை யார் எங்கே நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திவிடுவாராம். ஸ்டாப்பிங் என்பது அவர் பஸ்ஸுக்கு வாசலுக்கு வாசல். ஒருநாள் மழை தூறியதும் ஒரு அம்மா, "ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க, மாடியில காயப்போட்ட துணியை எடுத்துட்டு வந்திடறேன்" என்றாராம். பஸ் நின்றது. துணி நிறைய என்பதால் பயணிகளும் இறங்கிப் போய் எடுத்துக் கொடுத்தார்களாம். நர்ஸ் தன் கல்யாணத்தன்று காலையில்கூட வேறொருத்திக்காக டூட்டி பார்த்துவிட்டு ஓடி வந்தவள். தலையாட்டியின் வீட்டில் நாலு தண்ணீர் ஃபில்டர். வாசலில் விற்க வந்தவர்களிடம் வாங்கியவை. தண்ணீர் குடிப்பது அவர் ஒருத்தர்தான்.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உலகத்துல நான் ஒருத்தன்தான் இப்படின்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றார்.

"சொல்ல வந்தா என்ன ஆகுது உங்களுக்கு?" என்று ஆலோசகர் அம்மா கேட்டார்.

இவர் விரலைச் சொடுக்கினார். பிறகு, "முடியாதுன்னுட்டா அப்புறம் என்னை யாரும் கூப்பிடவே மாட்டாங்களோன்னு பயமா இருக்குங்க" என்றார்.

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து இவருக்காகச் சமைத்து, இவரோடு சண்டை போட்டிருக்கிறேன். இந்த வார்த்தையை என்னிடம் சொன்னதில்லை. முன்பின் தெரியாத ஒரு டிரைவர் முன்னாலும் நர்ஸ் முன்னாலும் சொல்கிறார். எனக்குக் கோபம்தான் வர வேண்டும். ஆனால் பாவமாக இருந்தது. 'ஊமை, ஊமை' என்று திட்டித் தீர்த்திருக்கிறேன். பயம் என்று தெரியாமல் போயிற்றே.

பயிற்சி என்னவென்றால், ஒருவர் எதையாவது கேட்க வேண்டும், மற்றவர் மறுக்க வேண்டும். மறுத்துவிட்டால் எல்லோரும் சேர்ந்து "நல்லா சொன்னீங்க! இன்னொரு தடவை!" என்று கைதட்டுவார்கள். முதல் நாள் பஸ் டிரைவர் இவரிடம், "உங்க சட்டையைக் குடுங்க" என்றார். இவர் மூன்றாவது பட்டனைக் கழற்றும்போது நான்தான் கையைப் பிடித்தேன். இரண்டாவது வாரம் "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். அதற்கே கைதட்டு. மூன்றாவது வாரம் நர்ஸ் ஆஸ்பத்திரியில் நிஜமாகவே ஒரு டூட்டியை மறுத்துவிட்டு வந்தாள். குழந்தை பிறந்த வீடு மாதிரி அந்த மாடியே அமர்க்களப்பட்டது. சத்தம் போடாதீர்கள் என்று கீழேயிருந்து நூலகர் ஏறி வந்தார். நாற்காலிகளைக் கொஞ்சம் அடுக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறீர்களா என்று சும்மா கேட்டார். மொத்த நூலகத்தின் நாற்காலிகளையும் அடுக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நெருங்கியது. கடைசி வியாழனில் இவர் லாரி விஷயத்தைச் சொன்னதும் பஸ் டிரைவர் எழுந்து மீசையை நீவினார்.

"நீங்க தனியா நிக்காதீங்க. நாங்க எல்லாரும் துணைக்கு வர்றோம்."

ஆலோசகர் அம்மா மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை டிரைவர், நர்ஸ், தலையாட்டி மூவரும் வாசலில் இவருக்கு இரண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள். பார்க்கவே தெம்பாக இருந்தது. லாரி வந்தது. அண்ணன் முன்சீட்டிலிருந்து குதித்தார். வரிசையைப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"அட, ஆளே ஏற்பாடு பண்ணி வச்சுட்டீங்களா மாப்ளே! அண்ணே, ஒரு கை குடுங்க. ஏம்மா, நீ அந்தப் பக்கம் பிடி."

அவ்வளவுதான். பஸ் டிரைவர் கை கொடுத்தார். நர்ஸ் அந்தப் பக்கம் பிடித்தாள். தலையாட்டி ஆளுக்கு முந்தி லாரிமேல் ஏறிவிட்டார். ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்ட கதையாகிவிட்டது எனக்கு. துணைக்கு வந்தவர்கள் மூச்சு வாங்க வாங்க நடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறுகிறார்கள். முன்பக்கம் யார் பிடித்திருக்கிறார்? என் வீட்டுக்காரர்!

"என்னங்க இது!" என்று கத்தினேன்.

"மறுக்கத்தான் வந்தோம்க்கா. முதல்ல இதை இறக்கி வச்சிட்டு மறுத்துடறோம்" என்றாள் நர்ஸ். அவள் முகம் அழுகிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் என் மகள் பெட்டியோடு வாசலுக்கு வந்தாள். மெஷின் பாதி உள்ளே, பாதி வெளியே. வெளியே போக வழி இல்லை.

"கொஞ்சம் ஒதுங்குங்கப்பா. நான் போயிக்கிறேன்" என்றாள்.

இவர் பெட்டியைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கையில் மெஷின் கனம் வேறு. நெற்றியில் வேர்வை ஓடியது.

"மச்சான்" என்றார். "என் வீட்ல இதை வைக்க முடியாது."

குரல் கொசு பறக்கிற மாதிரி இருந்தது. அண்ணன் சிரித்தார். "மாப்ளேயும் தமாஷ் பண்ண ஆரம்பிச்சாச்சா!"

"தமாஷ் இல்ல மச்சான். முடியாது. இது என் பொண்ணு இருக்கிற வீடு. பொம்மையையும் எடுத்துக்கிட்டுப் போங்க. முடியாதுன்னா முடியாது!"

கடைசி 'முடியாது'க்குத் தெருவே திரும்பிப் பார்த்தது. பிறகு பழக்கதோஷத்தில் மூன்று பேரும் ஒரே குரலில், "நல்லா சொன்னீங்க! இன்னொரு தடவை!" என்று கைதட்டினார்கள். கைதட்ட வேண்டுமென்றால் கையை எடுக்க வேண்டுமே. நடை மெஷின் 'டம்' என்று வாசற்படியில் விழுந்து படிக்கல் இரண்டாகப் பிளந்தது. யார் காலிலும் விழவில்லை. விழுந்திருந்தாலும் அன்றைக்கு யாருக்கும் வலித்திருக்காது.

அண்ணன் சும்மா விடுகிற ஆளா? பஸ் டிரைவர் பக்கம் திரும்பி, "அண்ணே, உங்க வீடு பெரிசோ?" என்றார். டிரைவரின் உதடு 'ச' என்று குவிந்தது. என் வீட்டுக்காரர் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார். நர்ஸ் குறுக்கே வந்து நின்று, "முடியாதுங்க. அவருக்கும் சேத்து நானே சொல்றேன்" என்றாள். தலையாட்டி தலையை ஆட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பக்கவாட்டில்.

அதே நால்வரும் பொம்மைகளை ஒவ்வொன்றாக அணைத்துத் தூக்கி வந்து லாரியில் ஏற்றினார்கள். தலை இல்லாததை மகளே தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். இவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப்போடும். மூன்றாம் நாள் அண்ணனே கூப்பிட்டார். "மாப்ளே, வாடகைக்கு ஒரு ஷெட் எடுத்தேன். பூட்டு சரியில்ல. வந்து பாக்கறீங்களா?" வாடகைக்கு இடம் கிடைக்கும் என்பது அவருக்கு இத்தனை நாள் தெரியாதாக்கும்! இவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கூப்பிட்டுட்டார்டி" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஊர்க் கதவுக்கெல்லாம் பூட்டுப் போட்டவர் அன்று சாயங்காலம் மகளின் அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். அவள் கேட்டதுதான். அவள் உள்ளே போய் அதைப் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து இவர் டீயோடு போய்க் கதவைத் தட்டினார்.

"தாழ்ப்பாள் சரியா விழுதான்னு பாக்கணும். அப்பா உள்ள வரலாமா?"

"முடியாது, படிக்கிறேன்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

மகள் முதல் மார்க் வாங்கிய மாதிரி முகமெல்லாம் சிரிப்போடு அடுக்களைக்கு ஓடி வந்தார். டீயை அவரே குடித்துவிட்டார்.

"கேட்டியாடி? யோசிக்கக்கூட இல்ல, டக்குனு சொல்லிட்டா" என்றார். "வாயுள்ள பிள்ளை. பிழைச்சுக்குவா."