யாக்கோபு மாமாவுக்கு ஒரு பக்கம்

“ஓட்டுப் பெட்டி எங்கடி இருக்கு?” என்று கத்தரீனாள் அத்தை என்னைக் கேட்டாள். தேயிலைக் கொழுந்து கிள்ளிய கையோடு, இடுப்புச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தாள். கையில் வாக்காளர் அட்டை.

சித்திரபுரத்தில் நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதைக் காட்டினேன்.

விஷயம் இதுதான். தேயிலை ஃபாக்டரியில் ஓய்வுபெற்ற யாக்கோபு மாமா, சொந்தச் செலவில் நான்கு நாவல் போட்டவர். இணையக் கலைக்களஞ்சியத்தில் தனக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்றார். எழுதிப் போட்டேன். இரண்டே நாளில் அதன் தலைமேல் ஒரு அறிவிப்பு வந்து உட்கார்ந்தது: ‘இவர் குறிப்பிடத்தக்க எழுத்தாளர்தானா? ஒரு வாரம் விவாதிப்போம். இல்லையென்றால் பக்கம் நீக்கப்படும்.’

யூனியன் தலைவர் சகாயம் அண்ணன் இதைத் தேர்தல் என்று எடுத்துக்கொண்டார். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போனார். “நம்ம ஆளத் தூக்கப் பாக்குறானுவ. வேலை விட்டதும் வரிசையா வாங்க.”

நாற்பத்துமூன்று பேர் வந்தார்கள். ஒவ்வொருவர் பெயரிலும் கணக்குத் திறந்து, ‘பக்கம் வேண்டும்’ என்று தட்டினேன். விரலில் மை வைக்கவில்லையே என்று அத்தைக்குக் குறை. ஸ்டாம்ப் பேடில் தொட்டு வைத்துவிட்டேன். அப்புறம் எல்லாருக்கும் வைக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் மாமா, அத்தை, சகாயம் அண்ணன் மூவரும் வந்து நின்றார்கள். கலைக்களஞ்சியத்தின் நிர்வாகி ஒருவர் பதில் போட்டிருந்தார். படித்துக் காட்டினேன்.

“நாற்பத்துமூன்று பேரும் ஒரே கம்ப்யூட்டர். ஆகவே ஒரே ஆள். அநேகமாக எழுத்தாளரே. இங்கிருந்து இனி யாரும் எழுத முடியாது.”

“நானும் இவரும் ஒரே ஆளா?” அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். “எம் புருசன் காதுல விழுந்தா என்னாவும்?”

“இன்னும் இருக்கு அத்தை. இது வாக்கெடுப்பு இல்லையாம். மாமாவுக்குச் சம்பந்தமில்லாத யாராவது அவர் புத்தகத்தைப் படிச்சு, எங்கயாவது எழுதியிருக்காங்களான்னு கேக்குறாங்க.”

மாமா சகாயம் அண்ணனைப் பார்த்தார். “நீ எதப் படிச்ச?”

“வெளியீட்டு விழாவுக்கு மைக் செட் பிடிச்சதே நான்தான மாமா.”

“கத்தரீனா?”

“நீங்க குடுத்தது அப்பிடியே புதுசா இருக்கு அண்ணாச்சி. ஒரு அழுக்குப் படல.”

அடுத்து என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

“நாலும் படிச்சேன் மாமா.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “எப்பிடி இருந்துச்சு? கூச்சப்படாமச் சொல்லு பிள்ள.”

“மூணாவது நாவல்ல, முப்பத்தெட்டாம் பக்கம் செத்துப்போன கங்காணி அறுபதாம் பக்கம் டீ குடிக்கிறாரு.”

“ஆவியா இருக்கும்” என்றார் சகாயம் அண்ணன்.

“இல்லண்ணே. சர்க்கரை கம்மின்னு சத்தம் போடுறாரு.”

மாமா தன் போனை எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் வெகுநேரம் தட்டினார். என் திரையில் விவாதத்தின் அடியில் ஒரு புது வரி வந்தது.

‘நீக்கலாம். மூன்றாம் நாவலில் திருத்த வேண்டியது உள்ளது. இப்படிக்கு, யாக்கோபு.’

“என்ன அண்ணாச்சி போட்டீக?” என்றாள் அத்தை.

மேசையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, மழையில் இறங்கிப் போனார் மாமா.